தாளிப்புக் கரண்டியில் காய்ச்சிய உப்பு

போன மாதம், சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை மகளைப் பார்க்கப் புறப்பட்டேன். விமான நிலையத்தில் பை சோதிக்கும் இடத்தில் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், என் கைப்பைக்குள் கையை விட்டுத் தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்தாள்.

"ஆன்ட்டி, தண்ணி உள்ள கொண்டுபோக முடியாதுலா. புது ரூல். குடிச்சிருங்க, இல்லன்னா அந்தத் தொட்டியில போட்டுருங்க."

எழுபதைத் தாண்டியவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டதற்காகவே அவளை மன்னித்துவிட்டேன். ஆனால் அதே பையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு இருந்தது. மேலே உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. சீனி மிட்டாயும் இருந்தது. அவற்றை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பு போகலாம், தண்ணீர் போகக்கூடாது! உலகம் தலைகீழாகிவிட்டது என்று வயதானவர்கள் புலம்பும்போதெல்லாம் நான் நம்பியதே இல்லை. அன்றைக்கு நம்பினேன். ஏனென்றால் என் இருபது வயதில் நான் தாண்டிய கேட்டில் சட்டம் நேர்மாறாக இருந்தது. தண்ணீர் போகலாம், உப்பு போகக்கூடாது.

அந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள்.

இங்கே வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அவசரகாலம் என்று அதற்குப் பெயர். பெயரில்தான் அவசரம். நடந்ததென்னவோ வருஷக்கணக்காக, ஆற அமர. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த, தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம் நான் வேலைக்குப் போன தோட்டமும் அப்படித்தான் இருந்தது. கம்பி போட்டவர்கள் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அதனால் காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்களோடு பிள்ளைகளும் கேட்டில் வரிசை பிடித்து நிற்பார்கள். வாத்தியாரம்மாவாகிய நானும் நிற்பேன்.

வாத்தியாரம்மா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, நான் தற்காலிக ஆசிரியை. மலாக்கா டவுனில் அப்பாவுக்குச் சின்னத் தையல்கடை. பள்ளிப் படிப்பு முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். காஜா எடுப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டையைச் சுற்றி ஓட்டையைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தால், மனுஷனுக்குத் தன் வாழ்க்கையும் அப்படியே தெரிய ஆரம்பித்துவிடும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆள் தேவை என்று தெரிந்ததும், மறுயோசனை இல்லாமல் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்று, "மெஷின் இங்கயேதான் இருக்கும், பயப்படாத" என்று வழியனுப்பினார். அது ஆறுதலா மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பள்ளி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து நான் பாடம் எடுப்பதைப் பார்ப்பார், பிடித்திருந்தால் பயிற்சிக்கு அனுப்புவார்கள், வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் மெஷின் இருக்கவே இருக்கிறது. ஆக, என் தலையெழுத்து அந்த ஒரு பாடத்தில் இருந்தது. அந்த இன்ஸ்பெக்டருக்கு விஞ்ஞானம் என்றால் உயிர் என்று தலைமையாசிரியர் சொன்னார். "பிள்ளைகளுக்குக் கெமிஸ்திரியில ஏதாவது சின்னதா செஞ்சு காட்டும்மா. மனுஷன் உருகிப்போயிருவாரு" என்றார்.

நானும் முதலில் பெரிதாகத்தான் ஆரம்பித்தேன். அமிலம் என்ற சொல்லைக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, ஒரு மங்கில் மரத்துப் பாலை ஊற்றி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பால் திரண்டு கட்டியாவதைக் காட்டினேன். முகத்தில் மந்திரவாதியின் பெருமை வேறு. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்கம்மா ரப்பர் ஸ்டோர்ல இத தெனமும் செய்றாங்க. எலுமிச்சம்பழம் வேஸ்ட்டு" என்றாள். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஆசிட்டைப் பற்றிப் பேசியது என் முட்டாள்தனம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை.

எனவே உப்பு என்று முடிவு செய்தேன். உப்பு தண்ணீரில் கரையும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காணாமல் போவதில்லை. தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் உப்பு திரும்பி வரும். கரைசல், ஆவியாதல், பௌதிக மாற்றம் என்று மூன்று பெரிய வார்த்தைகள், ஒரு கைப்பிடி உப்பில் முடிந்துவிடும். செலவில்லாத பாடம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கேட் ஞாபகத்துக்கு வந்தது.

கேட்டில் மூன்று மொழியில் ஒரு பலகை தொங்கும். அரிசி, சீனி, உப்பு, டின்னில் அடைத்த சாமான், மருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. வெட்டுக்குப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக்கூடக் கொண்டுபோக முடியாது. சீனி போடாத தேத்தண்ணிதான் கதி. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட வேண்டும். ஆண்களைச் சோதிக்க மலாய்க்காரப் போலீஸ். பெண்களைச் சோதிக்க அஞ்சலையக்கா.

அஞ்சலையக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதைக்கு உப்பே கிடையாது. மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனதும் கேட்டில் உட்கார வைத்தார்கள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், அந்த வேலையை விட்டால் வேறு வழியும் இல்லை. என் அறைக்கு அடுத்த வீடுதான். வீட்டில் என்னைப் 'பாப்பா' என்பார். கேட்டில் 'டீச்சர்' என்பார். கேட்டில் பாப்பா என்று ஒரு நாளும் வாய் தவறியதில்லை.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சோதனைக்கு அவர் நம்பியது நாக்கை. பொடியாக எது வந்தாலும் ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். தீர்ப்பு வரும். பல்பொடியைச் சுவைப்பார், துப்புவார், "போ". முகப்பவுடரைச் சுவைப்பார், "மணமா இருக்கு, போ". கோயில் பண்டாரம் ஒரு முறை விபூதித் தட்டோடு வந்தபோது அதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பயபக்தியோடு நெற்றியில் பூசிக்கொண்டார். துணி சோப்பைச் சுவைத்த அன்று மட்டும் மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை.

என் வகுப்பில் முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்த விஞ்ஞான விதி என்ன தெரியுமா? "தெரியாத பொருளை வாயில் வைக்காதே." பிள்ளைகள் அதைக் கோரஸாகப் பாடிக்கொண்டே கேட்டைத் தாண்டுவார்கள். அங்கே அக்கா எதையாவது சப்புக்கொட்டிக்கொண்டிருப்பார்.

உப்புக்கு அனுமதி வாங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உப்பா? போலீஸ் பெரிய ஆபீசர் கையெழுத்து வேணும். டவுனுக்கு எழுதணும். வர்றதுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்து, பாத்து, பென்ஷனே வாங்கிருவாரு" என்றார். கூடவே குரலைத் தாழ்த்தி, "டீச்சர், உப்பு விஷயத்துல வெளையாடாதீங்க. காட்டுக்குப் போவுதுன்னு சந்தேகம் வந்தா உள்ள தூக்கி வச்சிருவாங்க. குடும்பத்தோட நாடு கடத்திக் கப்பல் ஏத்திருவாங்க" என்றும் சொன்னார். அது வேடிக்கை இல்லை. அப்படிப் போன குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, 'உப்பு நீரில் கரையும் தன்மையுடையது' என்ற வரியைப் பத்தாவது தடவையாகப் படித்தபோது பொறி தட்டியது. நேராக அக்காவிடம் போனேன்.

"அக்கா, உப்பு வெளிய போகக்கூடாது. உப்புத்தண்ணி போகலாமா?"

அக்கா பலகையை அண்ணாந்து பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அதில் உள்ளது அவருக்கு மனப்பாடம். உதடு அசைய ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "அரிசி இருக்கு, சீனி இருக்கு, உப்பு இருக்கு. உப்புத்தண்ணி இல்லியே. பலகையில இல்லாதத நான் எதுக்குப் பிடிக்கணும்? கொண்டா" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை, ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய உப்புத்தண்ணீரோடு வரிசையில் நின்றேன். அக்கா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. "உப்புத்தண்ணி. உப்பு இல்ல. போங்க டீச்சர், நல்லா சொல்லிக்குடுங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் போலீஸ் வண்டியில் வந்து இறங்கினார். அந்த நாளில் தோட்டப் பாதையில் யாரும் தனியாக வருவதில்லை. ஒல்லியான தமிழர். கூடவே பாதுகாப்புக்கு ஒரு மலாய்க்கார சார்ஜன், பெரிய மீசை. இன்ஸ்பெக்டர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். சார்ஜன் துப்பாக்கியோடு ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே காட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

நான் அடுப்புக்கரியை மூட்டி, என் தாளிப்புக் கரண்டியை அதன்மேல் வைத்து, போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். "பிள்ளைகளே, இதில் என்ன தெரிகிறது?" "தண்ணி டீச்சர்!" "வேறு ஏதாவது தெரிகிறதா?" "இல்ல டீச்சர்!" தண்ணீர் கொதித்தது. சுண்டியது. கரண்டியின் கறுப்பில் ஓரத்திலிருந்து வெள்ளை படர ஆரம்பித்தது. கடைசிச் சொட்டு 'சுர்' என்று போனதும், கரண்டி முழுக்க உப்புப் படலம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கரண்டியை இறக்கி ஆற வைத்துவிட்டு, குரலை உயர்த்தி முத்தாய்ப்பு வைத்தேன்.

"பார்த்தீர்களா! உப்பு தண்ணீருக்குள் ஒளிந்து, யார் கண்ணிலும் படாமல் இங்கே வந்து, மறுபடியும் உப்பாகிவிட்டது!"

இன்ஸ்பெக்டர் தலையாட்டி ரசித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சார்ஜன் காட்டைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் என்ன பாடம் நடத்தியிருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. போலீசுக்கு முன்னால், அரசாங்க இன்ஸ்பெக்டர் சாட்சியாக, கேட்டைத் தாண்டிக் காட்டுக்கு உப்பு கடத்துவது எப்படி என்று படிப்படியாகச் செய்து காட்டியிருக்கிறேன். அதுவும் உரத்த குரலில்!

சார்ஜன் உள்ளே வந்தார். கரண்டியைக் காட்டி, "காராம்?" என்றார். உப்பா என்று கேட்கிறார். பிறகு அரைகுறைத் தமிழில், "கேட்ல யார் விட்டது?" நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும், கேட்டில் அக்கா உட்கார்ந்திருப்பது தெரியும். சார்ஜன் கைதட்டிக் கூப்பிட்டார். அக்கா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அந்த நடையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை போனால் எனக்குத் தையல் மெஷின் இருக்கிறது. அக்காவுக்கு என்ன இருக்கிறது?

"நான் உப்பு விடல. தண்ணிதான் விட்டேன். குடிச்சுப் பாத்துத்தான் விட்டேன்" என்றார் அக்கா. குரல் நடுங்கவில்லை.

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். "சிக்கு" என்றார், மலாயில் டீச்சர். "நீங்க சொல்லு. இந்தத் தண்ணி, உப்பா, உப்பு இல்லையா?"

நன்றாக யோசித்துப் பாருங்கள், என் நிலைமையை. கரைந்தாலும் உப்பு உப்புதான் என்று சொன்னால் பாடம் சரி, அக்கா தொலைந்தார். தண்ணீரில் போட்டதும் அது வேறு பொருளாகிவிட்டது என்று சொன்னால் அக்கா பிழைப்பார், ஆனால் பின்னால் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார், விஞ்ஞானம் என்றால் அவருக்கு உயிர். இன்ஸ்பெக்டரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

சார்ஜனுக்குப் பொறுமை போனது. கரண்டியை எடுத்து அக்காவிடம் நீட்டி, "இது என்னா? நீயே பாத்து சொல்லு" என்றார்.

பாத்துச் சொல் என்றால் அக்காவுக்கு ஒரே அர்த்தம்தான். விரலை விட்டார். ஆனால் அன்றைக்கு விரல் நுனியால் தொடவில்லை. கரண்டியைச் சுற்றி ஒரு வழி, குறுக்கே ஒரு வழி என்று துடைத்து வழித்து, அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். விழுங்கினார்.

"உப்புதான்" என்றார் தீர்ப்பாக.

அடுத்த நொடி முகம் கோணியது. கண்ணில் நீர் முட்டியது. அவசரமாகத் தண்ணீருக்குத் துழாவி, மேசையில் இருந்த போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தார். அதில் மிச்சம் இருந்ததும் உப்புத்தண்ணீர் என்பது பாதி உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மீதி பாதியை ஜன்னல் வழியாகக் கொப்பளித்து, போத்தலையும் கவிழ்த்துவிட்டார்.

வகுப்பில் பின் வரிசையிலிருந்து யாரோ மெல்ல, "தெரியாத பொருளை வாயில் வைக்காதே" என்றார்கள். அவ்வளவுதான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே, "உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார். சார்ஜன் என்னவென்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தப்புச் செய்தவன் அதற்குரியதை அனுபவித்தே தீர வேண்டும் என்பது அதன் பொருள் என்று மலாயில் விளக்கினார்.

சார்ஜன் கரண்டியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. போத்தலைப் பார்த்தார். காலி. "மானா காராம்?" உப்பு எங்கே என்றார். அக்கா நாக்கை நீட்டிக் காட்டி, "ஹாபிஸ்" என்றார். தீர்ந்துபோச்சு.

அவரும் பாவம். தன் கண் முன்னாலேயே, தானே எடுத்துக்கொடுத்து, சாட்சிப் பொருளைக் கேட்காரம்மா தின்றுவிட்டாள் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்ல முடியுமா? மீசையைத் தடவினார். மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிடாமல் மிகவும் பாடுபட்டார். "நாளையிலேர்ந்து போத்தலும் செக்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், மறுபடியும் காட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு இன்ஸ்பெக்டர் என் அருகில் வந்தார். "இப்பச் சொல்லும்மா. உப்புத்தண்ணீரில் இருப்பது உப்பா இல்லையா?"

"உப்புதான் ஐயா. மறைஞ்சிருக்கு, மாறல."

ஏதோ எழுதிக்கொண்டார். போகும்போது, "பாடம் நல்லா இருந்துச்சு. அடுத்த தடவ மணலையும் தண்ணியையும் எடுத்துக்க" என்றார். கொஞ்ச நாளில் பயிற்சிக்கு உத்தரவு வந்தது. நான் அப்பாவின் மெஷின் பக்கம் மறுபடி போகவே இல்லை. அக்காவும் கேட்டிலேயே இருந்தார். புதுச் சட்டத்தின் புண்ணியத்தில் இனி ஒவ்வொரு நாளும் எல்லாருடைய தேத்தண்ணியிலும் ஒரு மடக்கு அவருக்கு. "ஒன்னாலதான் எனக்கு வாயெல்லாம் துவர்க்குது" என்று திட்டுவார்.

கம்பி வேலியைப் பிறகு பிடுங்கிப் போட்டார்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனை போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். கேட் எங்கே இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இப்போது நான் இருக்கும் செங் என்ற ஊரில், என் வீட்டுப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, சீந்துவாரில்லை.

அக்கா பிற்காலத்தில் மகளோடு லூபோக் சீனா என்ற ஊரில் இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, வெகு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்குப் பழக்க தோஷத்துல வழிச்சுத் தின்னீங்களா, வேணும்னேவா?"

அக்கா நேரான பதில் சொல்லவில்லை. "கேட்டுல நின்னு எத்தன பேரு சோத்தப் பிடுங்கிக் கொட்டியிருக்கேன் பாப்பா. பசியோட வெட்டுக்கு அனுப்பியிருக்கேன். ஒரு கரண்டி உப்பையாச்சும் என் வயித்துல போட்டுக்கிட்டேனே, அத விடு" என்றார். அதன் பிறகு அவரைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. மகள் சொல்லி அனுப்பிய சேதிதான் வந்தது. நான் அழுதேன்.

"ஆன்ட்டி? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் சீருடைப் பெண்.

தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. அக்கா தின்ற அந்த உப்பில்தான் நான் ஓய்வு பெறும் வரை சோறு சாப்பிட்டேன். வரிசையை நிறுத்தி வைத்துவிட்டு, போத்தலைத் திறந்து நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தேன். உப்பைத் தின்றவள் நான்தானே.